நிதானத்தின் இடது திருகு

பிப்ரவரி 21

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இது ஐந்தாவது கடிதம். முதல் நான்கையும் படித்தீர்களா, கிழித்துப் போட்டீர்களா, தெரியாது. போன் செய்தால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். அதனால் மறுபடியும் பேனாவை எடுத்திருக்கிறேன்.

உங்கள் ஆஸ்பத்திரி ஸ்டோர்கீப்பர் நேற்று இந்த ஊருக்கு வந்திருந்தார். நான் வேலை செய்யும் பல் லேபைத் தேடிக் கண்டுபிடித்து வந்தார். வந்தவர் தேநீரைக்கூட முடிக்கவில்லை. "தங்கச்சி ஆபரேஷன் வேணாம்னு சொல்றாங்களாமே, உங்களுக்குத் தெரியுமா?" என்றார். எனக்கு எப்படித் தெரியும்? என் தங்கையைப் பற்றி எனக்குச் சொல்ல அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்?

அவர் சொன்னதை நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன். தப்பிருந்தால் திருத்துங்கள். வலது கண் போனது போனதுதான். இடது கண்ணில் கருவிழியை மாற்றினால் பார்வை வரும். மார்ச் இருபதுக்குள் அவள் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு மேல் தள்ளினால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பிறகு எந்த டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது. இவ்வளவு தெரிந்தும் பாப்பா மாட்டேன் என்கிறாளாம். காரணம் கேட்டால் வாயைத் திறப்பதில்லையாம்.

மாப்பிள்ளை, அவளுக்கு முப்பத்தெட்டு வயது. வாழ்நாள் முழுவதும் இருட்டில் உட்கார்ந்திருக்கவா எங்கள் வீட்டில் அவளைப் பார்த்துப் பார்த்து வளர்த்தோம்?

போன மார்ச் கடைசி ஞாயிறு நடந்ததற்கு நீங்கள் என்னைத்தான் குற்றவாளி என்கிறீர்கள். இருக்கட்டும். நம் கொட்டகையில் கொதிநீர் பீச்சியடித்தபோது நீங்களும் நானும் எட்டி நின்றோம், அவள் மட்டும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஒன்றே போதும், நான் தலைகுனிய. ஆனால் "சோதிக்காத பாய்லரைச் சோதித்ததாக எழுதிக் கொடுத்த பாவி" என்றீர்களே, அதை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. நாம் செய்த இரண்டு பொம்மை நீராவி ரயில் இன்ஜின்களையும் அதற்கு முந்தின வாரம் நான்தான் என் வீட்டுக்கு எடுத்துப்போனேன். பாய்லரில் பச்சைத் தண்ணீர் நிரப்பி, ஓட்டும் அழுத்தத்தைப் போல் இரண்டு மடங்கு பம்பால் ஏற்றி, இருபது நிமிடம் முன்னால் உட்கார்ந்திருந்தேன். நோட்டில் என்ன எழுதினேன் என்று எனக்கு மனப்பாடம். "நிதானம்: ஒரு சொட்டுக் கசிவும் இல்லை, ஓட்டலாம். சிடுமூஞ்சி: பின்தட்டு பற்றவைப்பில் கசிவு, சரிசெய்யும்வரை நெருப்பு மூட்டக் கூடாது." அந்த ஞாயிறு நீங்கள் பற்ற வைத்தது நிதானத்தைத்தான். அது எப்படி வெடித்தது?

ஒருவேளை நான் மாற்றி எழுதிவிட்டேனோ? பதினோரு மாதமாக இதே கேள்விதான். பல் செட்டுக்கு மெழுகு வைக்கும்போது அளவு பிசகுகிறது. போன வாரம் ஒரு வாத்தியாரம்மாவுக்குக் கட்டிய பல்லை அவர் மூன்று முறை திருப்பிக் கொண்டுவந்தார். "இது என் பல்லு மாதிரி இல்ல, வேற யாரோ என் வாயில உட்கார்ந்து பேசற மாதிரி இருக்கு" என்றார். லேபில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

நான் வீட்டு வாசலில் வந்து நின்ற அன்று கதவைச் சாத்தினீர்கள். சாத்தியதுகூடப் பரவாயில்லை, பிறகு உள்ளே தாழ்ப்பாள் விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. என்னை வீட்டில் சேர்க்க வேண்டாம். இந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டுங்கள், அது போதும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்


பிப்ரவரி 27

பல்லுக்காரருக்கு,

ஐந்து கடிதமும் கிடைத்தன. அவளுக்குப் படித்துக் காட்டவில்லை. காட்டவும் மாட்டேன். இனி எழுத வேண்டாம்.


மார்ச் 3

மாப்பிள்ளைக்கு,

நான்கு வரியாவது எழுதினீர்களே. பல்லுக்காரர் என்று எழுதியிருந்தாலும் அது உங்கள் கையெழுத்து. நாலைந்து தடவை படித்தேன்.

எழுத வேண்டாம் என்கிறீர்கள். சரி, ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். பிறகு என் தொல்லை இருக்காது. வெடித்த பாய்லர் எந்த இடத்தில் பிளந்திருக்கிறது? அன்று நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடியவன், திரும்பி வந்து பார்க்கவே இல்லை. அதற்குள் நீங்கள் எல்லாவற்றையும் டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டீர்கள்.

நமக்குள் இருந்த வழக்கத்தையும் நினைத்துப் பாருங்கள். ஒருவர் செய்த இன்ஜினுக்கு மற்றவர்தான் பெயர் வைக்க வேண்டும், பெயர்ப்பலகையையும் அவர்தான் அறுத்துத் தர வேண்டும், பெயர் இல்லாத வண்டியைத் தண்டவாளத்தில் ஏற்றக் கூடாது. பாப்பா கேலி செய்வாளே, "இந்த வீட்டுல பொண்டாட்டிக்குப் பேரு 'ஏய்', இன்ஜினுக்கு மட்டும் நல்ல பேரு" என்று. நிஜ ரயிலிலும் அப்படித்தான் என்பீர்கள் நீங்கள். ராஜா பெயரும் ஆற்றின் பெயரும் வைத்த நீராவி இன்ஜின்களை ஜனங்கள் நின்று கையாட்டி அனுப்பினார்கள், வெறும் எண் போட்டவை வந்ததும் தெரியாது போனதும் தெரியாது என்பீர்கள். நான் செய்ததற்கு என் முகத்தைப் பார்த்தே சிடுமூஞ்சி என்று வைத்தீர்கள். நீங்கள் செய்ததில் பலகை மாட்டும் இடது துளையை அவசரத்தில் கோணலாகப் போட்டுவிட்டீர்கள். திருகு எப்போதும் சாய்ந்தே ஏறும். அதைக் கிண்டல் செய்யத்தான் நிதானம் என்று வைத்தேன். நீங்கள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தீர்கள்.

ஒரே வரைபடம், ஒரே பச்சைப் பெயின்ட். பலகையைக் கழற்றினால் இரட்டைப் பிள்ளைகள். அடியில் குத்திய புள்ளி மட்டும்தான் வித்தியாசம். என்னுடையதற்கு ஒரு புள்ளி, உங்களுடையதற்கு இரண்டு. "பேரோட எண்ணும் போட்டு வைக்கலாம் மச்சான்" என்று நீங்கள் சொன்னபோது, "இது என்ன உங்க ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துப் போர்வையா, எண் குத்த?" என்று கேட்டவன் நான். அதனால்தான் சோதனை நோட்டிலும் பெயரை மட்டும் எழுதினேன்.

எந்த இடத்தில் பிளந்தது, மாப்பிள்ளை? அடியிலா, பின்தட்டிலா? என் கணக்கில் ஏதோ தப்பு இருந்தால் அதைத் தெரிந்துகொண்டாவது சாகிறேன்.

மச்சான்


மார்ச் 7

பல்லுக்காரருக்கு,

சாவதைப் பற்றியெல்லாம் எனக்கு எழுத வேண்டாம். இங்கே ஒருத்தி உயிரோடு இருந்தே தினமும் செத்துக்கொண்டிருக்கிறாள். அதைப் பார்த்துக்கொண்டு நான் இருக்கிறேன்.

பின்தட்டில்தான் பிளந்தது. ஓட்டுநர் நிற்கும் மேடைக்கு நேர் கீழே, ஒரு விரல் நீளத்துக்கு வாய் பிளந்த மாதிரி. சேஃப்டி வால்வு ஒழுங்காக இருந்தது. அழுத்தம் முள் பாதிகூட ஏறவில்லை. பற்றவைப்பு விட்டுப்போயிற்று. போதுமா?

நான் யார் என்று உங்களுக்குத் தெரியும். பத்தொன்பது வருஷமாக ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் பாய்லர் ஓட்டுகிறேன். இரண்டு மாடி உயரம் அது. ஒரு ஆளுக்கு ஒரு கொப்புளம் வந்ததில்லை. அப்படிப்பட்டவன் வீட்டில், கைக்கடக்கமான ஒரு பொம்மை பாய்லரில் என் பொண்டாட்டி கண்ணை இழந்தாள் என்றால் ஊரில் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? பற்ற வைத்தது என் கை. உங்கள் நோட்டை நம்பிப் பற்ற வைத்தேன். "மச்சான் எழுதியிருந்தா கண்ணை மூடிட்டுக் கையெழுத்துப் போடலாம்" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். நன்றாகத்தான் மூடினேன் கண்ணை.

அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டிருந்தீர்கள், நாலாவது கடிதத்திலோ மூன்றாவதிலோ. கட்டிலிலிருந்து கழிவறைக்குப் பதினாலு அடி, அடுப்புக்கு ஒன்பது அடி. எண்ணிக்கொண்டே நடக்கிறாள். நடுவில் யாராவது பேசினால் எண்ணிக்கை தவறி அப்படியே நின்றுவிடுகிறாள். அதனால் நான் வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். நேற்று அடுப்பில் விரலைச் சுட்டுக்கொண்டு என்னிடம் சொல்லவே இல்லை. மருந்து வாசனையை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். கண் ஆபரேஷன் என்று வாயெடுத்தால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். படிவத்தை மூன்று முறை கொண்டுவந்தேன். தலையணைக்கு அடியில் மடித்து வைத்துக்கொள்கிறாள், கையெழுத்து மட்டும் போடுவதில்லை. கெஞ்சினேன், கத்தினேன், காலைப் பிடித்தேன். டாக்டரம்மாவே வீட்டுக்கு வந்து பேசினார். "எனக்கு வேணாம் டாக்டர். வேற யாருக்காவது வெச்சு விடுங்க" என்றாள்.

உங்கள் பெயரை இந்த வீட்டில் எடுப்பதில்லை. நான் எடுக்கக் கூடாது என்றேன், அவளும் எடுக்கவில்லை. கூடப் பிறந்தவனே இப்படிச் செய்தானே என்று மனசு விட்டுப்போய்விட்டது அவளுக்கு. வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

அந்த ஞாயிறு அக்கம்பக்கத்தவர்கள் பார்க்க வருகிறார்கள் என்று சனிக்கிழமை முழுக்கக் கொட்டகையில் உட்கார்ந்து, எல்லா இன்ஜினின் பெயர்ப்பலகையையும் கழற்றி, பாலிஷ் போட்டுத் தங்கம் மாதிரி ஆக்கி மாட்டினாள். உங்கள் பெருமைக்காக. நம் இரண்டு பேர் கிறுக்குக்காக. அந்தப் பிள்ளைக்கு நீங்கள் கொடுத்த கூலியைப் பாருங்கள்.

கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டேன். சொன்னபடி இனி எழுதாதீர்கள்.


மார்ச் 11

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இதுதான் கடைசி. இந்தக் கடிதத்தை மட்டும் அவளுக்கு வரிக்கு வரி படித்துக் காட்டுங்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

நீங்கள் சொன்னதுதான் உண்மை. நான் நிதானத்தைச் சோதிக்கவே இல்லை. அன்றைக்கு லேபில் வேலை அதிகம், அலுப்பாக இருந்தது. ஒன்றை மட்டும் சோதித்துவிட்டு மற்றதும் சரியாகத்தான் இருக்கும் என்று எழுதிவிட்டேன். அதை ஒத்துக்கொள்ள வெட்கப்பட்டுத்தான் இத்தனை மாதம் வாதாடினேன். நோட்டு பொய். லேபில் என் அளவு பிசகுவதும் அதனால்தான். வேறு யாருடைய தவறும் இதில் இல்லை. பற்ற வைத்த உங்கள் தவறும் இல்லை. யாருடையதும் இல்லை.

டிரங்குப் பெட்டியைத் திறக்காதீர்கள். அதில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. பழைய இரும்புக்காரனிடம் பூட்டோடு தூக்கிப் போட்டுவிடுங்கள், இரண்டு இன்ஜின்களையும், பலகைகளையும். போன கடிதத்தில் புள்ளி அது இது என்று என்னவோ உளறியிருந்தேன். அதையெல்லாம் விட்டுவிடுங்கள். பலகையைப் பற்றியோ பாலிஷைப் பற்றியோ அவளிடம் பேச்செடுக்காதீர்கள். நல்ல நாளில் செய்த வேலையை நினைவுபடுத்தினால் இன்னும் வேதனைதான்.

பாப்பா, நீ கேட்டுக்கொண்டிருந்தால் உனக்குச் சொல்கிறேன். உன் அண்ணன் சோம்பேறித்தனத்தால் உன் கண்ணைக் கெடுத்தவன். திட்டு. வாய்க்கு வந்தபடி திட்டு. சின்ன வயதில் உன் பென்சிலை உடைத்ததற்கு மூன்று நாள் என்னோடு பேசவில்லையே, அதைப் போல் முப்பது வருஷம் பேசாமல் இரு. ஆனால் என்மேல் உள்ள கோபத்தைக் கண்ணின் மேல் காட்டாதே. படிவத்தை எடு. மாப்பிள்ளை விரலைப் பிடித்து இடம் காட்டுவார். போடு.

இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது.

மச்சான்


மார்ச் 15

மச்சான்,

லாரி டிரைவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நம் சலவைக்கூடத்துக்குச் சோப்புத் தூள் கொண்டுவருபவர், நல்ல மனிதர். உங்கள் லேபுக்கு நேற்று மூன்று தடவை போன் செய்தேன். நான்கு நாளாக நீங்கள் வேலைக்கே வரவில்லை என்றார்கள். என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் அங்கே? எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அறை எங்கே இருக்கிறது என்று விசாரித்து, ஆளைக் கண்ணால் பார்த்து, கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் கடைசிக் கடிதம் வருவதற்கு முன்பே நான் பெட்டியைத் திறந்துவிட்டேன்.

பின்தட்டு என்று உங்களுக்கு எழுதித் தபாலில் போட்டுவிட்டு வந்தேன். அன்றிலிருந்து வேலையில் நிற்க முடியவில்லை. பின்தட்டு என்ற சொல்லை எங்கோ படித்த மாதிரியே இருந்தது. பன்னிரண்டாம் தேதி பெட்டியைத் திறந்தேன். உங்கள் நோட்டு அதற்குள்தான் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். பின்தட்டில் கசிவு சிடுமூஞ்சிக்கு. வெடித்ததை எடுத்துத் திருப்பினேன். பலகையில் நிதானம் என்று இருக்கிறது. அடியில் ஒரு புள்ளி. அது நீங்கள் செய்த சிடுமூஞ்சி, மச்சான். மற்றதைத் திருப்பினேன். பலகையில் சிடுமூஞ்சி, அடியில் இரண்டு புள்ளி. என்னுடையது. என் கையால் செய்த வண்டியை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அந்த ஞாயிறு நான் பெயரைப் பார்த்தேன், வண்டியைப் பார்க்கவில்லை.

இரண்டு புள்ளி உள்ள பாய்லரில் அங்கேயே தண்ணீரை நிரப்பிப் பம்பை அடித்தேன். இரண்டு மடங்குக்கு ஏற்றினேன். இருபது நிமிடம் இல்லை, ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு சொட்டு இல்லை. உங்கள் நோட்டில் ஒரு எழுத்துகூடத் தப்பு இல்லை.

மறுநாள் உங்கள் கடிதம் வருகிறது, நான் சோதிக்கவே இல்லை, நான்தான் பாவி என்று. சோதித்த மனிதன் சோதிக்கவில்லை என்று ஏன் எழுத வேண்டும்? பெட்டியைத் திறக்காதே, பலகையைப் பற்றிப் பேசாதே என்று ஏன் கெஞ்ச வேண்டும்? இரண்டாம் முறை படிக்கும்போது புரிந்தது. சனிக்கிழமை பாலிஷ் போட்டாள் என்று நான்தானே வாய்க் கொழுப்பில் எழுதினேன். நீங்கள் அதைப் படித்ததும் கண்டுபிடித்துவிட்டீர்கள். மாற்றி மாட்டியது அவள். கண் போனவள் தலையிலேயே அதையும் ஏற்றக் கூடாது என்று நீங்கள் எடுத்து உங்கள் தலையில் போட்டுக்கொண்டீர்கள். கொட்டகையில் தரையில் உட்கார்ந்து அழுதேன் மச்சான். பதினோரு மாதமாக ஊர் முழுக்க உங்களைப் பற்றி நான் பேசிய பேச்சு என்ன!

பிறகு யோசித்தேன். நீங்கள் சொன்னபடியே செய்துவிடலாம் என்று முடிவு செய்தேன். உண்மை தெரிந்து அவளுக்கு என்ன ஆகப்போகிறது? நீங்கள் சுமக்கிறேன் என்கிறீர்கள், நானும் வாயை மூடிக்கொண்டு சுமக்கிறேன். முதலில் கையெழுத்து வாங்குவோம். அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். உங்கள் கடிதத்தை வரிக்கு வரி படித்தேன்.

படித்து முடித்ததும், "அண்ணன் பொய் சொல்றான்" என்றாள்.

"அவரே எழுதியிருக்காரும்மா. அவர் கையெழுத்துதான்" என்றேன்.

"அவன் சோதிக்காம எழுதமாட்டான். எனக்குத் தெரியும்." மீதியையும் சொன்னாள். "ஏங்க, நிதானத்துக்கு இடது பக்கத் திருகு எப்பவும் கோணலாத்தானே ஏறும்? அன்னிக்கு நேரா ஏறிச்சு. அட, துளையை ஒருவழியா சரி பண்ணிட்டார் போலிருக்கு, சாயங்காலம் அவரைப் பாராட்டணும்னு நெனச்சுக்கிட்டே மாட்டினேன். ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டுப் படுத்திருந்தப்போ அந்தத் திருகு ஞாபகம் வந்துச்சு. அப்பவே தெரிஞ்சுபோச்சுங்க."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"நீங்க அவனைத் திட்டின திட்டு வார்டு முழுக்கக் கேட்டுச்சு. அதே வாயால என்னையும் திட்டுவீங்கன்னு பயமா இருந்துச்சு. இன்னிக்குச் சொல்லலாம் நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். அவன் வாசல்ல வந்து நின்னான். நீங்க கதவைச் சாத்தினீங்க. நான் உள்ளதான இருந்தேன்? ஒரு வார்த்தை சொல்லலியே. அவனை ஊரை விட்டே துரத்திட்டு எனக்கு எதுக்குங்க கண்ணு?"

இதுதான் மச்சான் காரணம். உங்கள்மேல் கோபம் இல்லை. என்னிடம் இருந்த பயம். என் வீட்டில், என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, என்னிடம் சொல்லப் பயந்து அவள் கண்ணையே விட்டுவிடத் துணிந்திருக்கிறாள். உங்களைத் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்கலாம். இதற்கு யாரிடம் கேட்பேன்?

காலையிலிருந்து மறுபடி கெஞ்சிப் பார்த்துவிட்டேன். "அண்ணன் வந்து என் பக்கத்துல உட்காரட்டும். நான் அவன்கிட்ட என் வாயால சொல்லணும். அப்புறம் எங்க வேணா கையெழுத்துப் போடறேன்" என்கிறாள். அதில் ஒரு இம்மியும் இறங்க மாட்டேன் என்கிறாள். இருபதாம் தேதி காலை பத்து மணி வரைக்கும்தான் டாக்டரம்மா காத்திருப்பார். இன்று பதினைந்து. டிரைவர் உங்களைக் கண்டுபிடிப்பாரோ மாட்டாரோ. நான் கிளம்பி வரலாம் என்றால் இவளைத் தனியாக விட முடியவில்லை.

என்னை அடிக்க வேண்டுமானால் வந்து அடியுங்கள். ஆனால் வாருங்கள்.

உங்கள் மாப்பிள்ளை


மார்ச் 17

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

டிரைவர் என்னைக் கண்டுபிடித்துவிட்டார். அறைக் கதவைத் தட்டித் தட்டி, நான் திறக்காமல் இருந்ததில் பயந்துபோய், ஜன்னல் வழியாகப் பெயர் சொல்லிக் கத்தியிருக்கிறார். நான் படுத்துத்தான் கிடந்தேன். ஆறு நாளாக எழுந்திருக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். இப்போது எழுந்துவிட்டேன்.

இவர் லாரியிலேயே வருகிறேன் என்றேன். ஆளை ஏற்றினால் வேலை போய்விடும் என்கிறார். எனக்கு நாளைக் காலை ரயில். வழியில் ஒரு இடத்தில் மாற வேண்டும். பத்தொன்பதாம் தேதி மாலைக்குள் அங்கே இருப்பேன். ரயில் தாமதமானாலும் இருபதாம் தேதி விடிவதற்குள் வந்துவிடுவேன். லாரி எனக்கு முன்னால் வந்து சேரும் என்பதால்தான் இதை இவர் கையில் கொடுக்கிறேன்.

இதை அவளுக்கு உடனே படியுங்கள். பாப்பா, நான் வரும்வரை காத்திருக்காதே. ரயிலை நம்ப முடியாது, இன்றே போடு. சொல்ல வேண்டியதை நான் வந்த பிறகு சொல். நான் எங்கேயும் போகமாட்டேன். எண் குத்தச் சொன்னவரைக் கிண்டல் செய்து வெறும் பெயரை எழுதி வைத்தவன் நான். போர்வைக்குக்கூட எண் இருக்கிறது. அந்த ஒரு எண் இருந்திருந்தால் உன் திருகு நேராக ஏறினாலும் கோணலாக ஏறினாலும் ஒன்றும் ஆகியிருக்காது. இதை நீ என்னிடம் கேட்க வேண்டும், நானும் என் வாயால் சொல்ல வேண்டும்.

எழுத்து கோணலாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள் மாப்பிள்ளை, லாரிப் படியில் வைத்து எழுதுகிறேன். டிரைவர் ஹாரன் அடிக்கிறார்.

ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். அவள் பக்கத்தில் இருங்கள். வீட்டுக்கு வழி எனக்குத் தெரியும். கதவை மட்டும் தாழ்ப்பாள் போடாமல் வையுங்கள்.

மச்சான்